கிளாப்டன் ஸ்ட்ராட்டா, பெக் ஸ்ட்ராட்டா?

ஃபெண்டர் நிறுவனத்தின் சிக்னேச்சர் கிட்டார், அதாவது ஒரு கலைஞரின் பெயரில் வரும் மின்கிட்டார், ஒன்றை வாங்குவது என்று முடிவெடுத்தவர்களில் பலர் வந்து முட்டி நிற்கிற இடம் இது: எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டரா, ஜெஃப் பெக் ஸ்ட்ராட்டோகாஸ்டரா? கேட்கிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "ரெண்டு பேரையும் பிடிக்கும், விலையும் ஒட்டித்தான் இருக்கு, எதை எடுக்கட்டும்?"

குழப்பம் நியாயமானது. இருவரும் பிரிட்டிஷ் ராக் கிட்டார் கலைஞர்கள். 1965 மார்ச்சில் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவை விட்டு விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் பெக். கிட்டார்களும் அப்படி ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் ஆல்டர் மரத்தில் உடல், 25.5 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் ஒலிக்கும் நீளம்), 9.5 அங்குல ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) வளைவு, அதன் குறுக்கே பதித்த 22 ஃப்ரெட், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூன்று பிக்கப், அவற்றைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிலை சுவிட்ச். இரண்டும் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்படுபவை. கடைச் சுவரில் அடுத்தடுத்து மாட்டியிருந்தால், வெள்ளை நிறத்தில் இரண்டையும் ஃப்ரெட்போர்டின் நிறத்தை வைத்துத்தான் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியும்.

கையில் எடுத்தால் கதை வேறு. கிளாப்டன் மாடலின் தனித்தன்மை முழுக்க மின்சுற்றில் இருக்கிறது. பெக் மாடலின் தனித்தன்மை பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்குவது), நட் (கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் படியும் வெட்டுக்கட்டை), டியூனர் (சுருதி சேர்க்கும் முறுக்கி) என்று இயந்திரப் பாகங்களில் இருக்கிறது. அதனால் யாருடைய இசை பிடிக்கும் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, வாசிக்கும்போது உங்கள் வலது கை எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, பிரிட்ஜ். பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியான வாம்மி பாரைப் பிடித்து வாசிப்பவரா நீங்கள், அல்லது வாங்கிய அன்றே அதைக் கழற்றிப் பெட்டியில் போடுபவரா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, நெக்கின் வடிவம். இதை எழுத்தில் படித்து யாரும் முடிவு செய்ய முடியாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

மூன்றாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆம்பும் (ஒலிபெருக்கி) பெடல்களும் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகள்). புதுக் கிட்டாரின் சிக்னல் அவற்றோடு ஒத்துப்போகுமா என்று வாங்குவதற்கு முன்னால் யாரும் யோசிப்பதில்லை. வாங்கிய பிறகு யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த செலவு தொடங்கிவிடும்.

நான்காவது, பராமரிப்பு. ஊரில் நல்ல கிட்டார் டெக்னீஷியன் இருக்கிறாரா? இல்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க நீங்கள் தயாரா?

நிறம், ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் கையெழுத்து, மறுவிற்பனை மதிப்பு ஆகிய மூன்றையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. நிறம் பிடித்துப்போய் வாங்குவது தப்பே இல்லை, அதற்கு ஒப்பீடு எதற்கு?

| அம்சம் | கிளாப்டன் மாடல் | பெக் மாடல் |
|---|---|---|
| அறிமுகம் | 1988 | 1991. 2001இல் மறுவடிவம் |
| நெக் | மென்மையான 'வி' வடிவம், மேப்பிள் | மெல்லிய 'சி' வடிவம், ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு |
| ஃப்ரெட் | பழைய பாணி, சிறியது | மீடியம் ஜம்போ |
| பிக்கப் | விண்டேஜ் நாய்ஸ்லெஸ் (முனகல் குறைத்த வகை) | செராமிக் காந்தத்துடன் ஹாட் நாய்ஸ்லெஸ் |
| மின்சுற்று | 25 டெசிபல் மிட் பூஸ்ட் (நடு ஒலியைத் தூக்குவது), டி.பி.எக்ஸ் டோன் குமிழ், 9 வோல்ட் பேட்டரி | வழக்கமான வால்யூம், இரண்டு டோன், பேட்டரி இல்லை |
| பிரிட்ஜ் | பழைய பாணி ட்ரெமோலோ (அசையும் பிரிட்ஜ்), மரக்கட்டை வைத்து அடைத்தது | இரண்டு திருகில் நிற்கும் ட்ரெமோலோ |
| நட் | சாதாரணம் | எல்.எஸ்.ஆர். ரோலர் |
| டியூனர் | பழைய பாணி | லாக்கிங் |

## கிளாப்டன் மாடல்

ஃபெண்டர் ஒரு கலைஞரின் பெயரில் வெளியிட்ட முதல் கிட்டார் இது. இதற்கு முன்மாதிரி 'பிளாக்கி'. 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்களில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்துக் கிளாப்டன் உருவாக்கிக்கொண்ட கறுப்புக் கிட்டார் அது. 2004இல் ஆன்டிகுவாவிலுள்ள தன் போதை மறுவாழ்வு மையத்துக்காக அதை ஏலத்தில் விற்றார். 9,59,500 டாலருக்குப் போனது. எண்பதுகளின் நடுவில் பிளாக்கி தேய்ந்து ஓய்ந்துகொண்டிருந்தபோது, அதே மாதிரி நெக், ஆனால் இன்னும் தடித்த ஒலி வேண்டும் என்று ஃபெண்டரிடம் அவர் கேட்டதன் விளைவுதான் இந்த மாடல்.

முதலில் நெக். பின்புறம் நடுவில் லேசான முகடு ஒன்று ஓடும். கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாவது ஸ்ட்ரிங்கைப் பிடிப்பவர்களுக்கும், மணிக்கட்டைச் சுழற்றி ஸ்ட்ரிங்கை இழுத்துப் பெண்ட் செய்பவர்களுக்கும் அந்த முகடு உள்ளங்கையில் சரியாக உட்காரும். கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவில் ஊன்றி வாசிக்கப் பழகியவர்களுக்கு அதே முகடு உறுத்தும். ஒரு மணி நேரம் வாசித்தால் இரண்டில் எது நீங்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்து மின்சுற்று. மூன்று குமிழ்களில் முதலாவது வால்யூம். இரண்டாவது டி.பி.எக்ஸ்: நடுவில் ஒரு சின்ன 'டக்' இருக்கும், அதற்குக் கீழே சாதாரண டோன் குமிழ் மாதிரி வேலை செய்யும், மேலே போனால் ஒலி இன்னும் திறந்துகொள்ளும். மூன்றாவதுதான் ஆள். மிட் பூஸ்ட். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் இயல்பான ஒலி நடுவில் கொஞ்சம் மெலிந்தது. இந்தக் குமிழைத் திருகத் திருக அந்த நடுப்பகுதி புடைத்துக்கொண்டே வந்து, கிரீம் என்ற குழுவில் இருந்த காலத்தில் கிளாப்டன் கிப்ஸன் நிறுவனக் கிட்டாரில் வாசித்த தடித்த ஒலியின் பக்கம் போகும். முழுக்கத் திருகினால் 25 டெசிபல். மின்னழுத்தக் கணக்கில் அது ஏறக்குறைய 18 மடங்கு.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவருக்கு இது வரம். பெடல் எதுவும் இல்லாமல், ஒரு விரல் அசைவில் ஆம்பைத் தெளிவிலிருந்து கரகரப்புக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இன்று வீட்டில் வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸில் செருகுகிறார்கள். அங்கே இந்தக் குமிழ் பாதியைத் தாண்டும்போதே சிவப்பு விளக்கு எரிய வாய்ப்பு உண்டு, அப்படிக் கிழிகிற டிஜிட்டல் ஒலி அழகாக இருக்காது. இண்டர்ஃபேஸின் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) குறைத்துவைத்தால், பூஸ்ட் இல்லாதபோது ஒலி சன்னமாகிவிடும். பழகிக்கொள்ளலாம், ஆனால் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அப்புறம், ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் பிக்கப்போடு நேரடியாகப் பேசப் பிறந்தவை. இடையில் இப்படிப் பேட்டரியில் ஓடும் ஒரு ஆக்டிவ் சர்க்யூட் வந்தால் அவற்றின் குழைவு போய், வறண்ட கத்தலாகிவிடும். ஃபஸ்தான் உங்கள் உயிர் என்றால் இந்த மாடலை விட்டுவிடுவது நல்லது. மறுபக்கம், நீளமான கேபிள் போட்டு மேடையில் நடமாடுபவருக்கு இதே ஆக்டிவ் சர்க்யூட் உதவி: கேபிள் எவ்வளவு நீண்டாலும் கூர்மை மழுங்காது.

பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ட்ரெமோலோ போலத் தெரியும், அசையாது. கிளாப்டன் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருக்கிறார்கள். இதன் நன்மை நம் ஊரில் கமகம் வாசித்துப் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். திறந்த ஸ்ட்ரிங் ஒன்றைச் சுருதியாக ஒலிக்கவிட்டு, பக்கத்து ஸ்ட்ரிங்கை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது, அசையாத பிரிட்ஜில் சுருதி சுருதியாகவே நிற்கும். மிதக்கும் பிரிட்ஜில் ஒன்றை இழுத்தால் மற்றவை எல்லாம் கொஞ்சம் இறங்கும்.

## பெக் மாடல்

ஜெஃப் பெக் 2023 ஜனவரி 10 அன்று காலமானார். எண்பதுகளிலிருந்து, ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் துண்டான பிக்கைக் கைவிட்டு விரல்களாலேயே வாசித்தவர். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஸ்ட்ரிங்கைத் தொடும்போது, சுண்டுவிரல் வால்யூம் குமிழில் இருக்கும்; வாம்மி பார் அதே கையின் பிடியில் கிடக்கும். இந்தக் கிட்டாரைப் புரிந்துகொள்ள அந்தக் கையை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இதிலுள்ள ஒவ்வொரு பாகமும் அந்த ஒரு கைக்காகப் போடப்பட்டது.

2001இல் வெளியான ஆல்பம் ஒன்றில், பிரிட்டிஷ் இந்திய இசைக்கலைஞர் நிதின் சாவ்னியின் 'நாடியா' பாடலை அவர் கிட்டாரில் வாசித்திருப்பார். இந்துஸ்தானிச் சாயலில் ஒரு பெண் குரல் பாடிய மெட்டு அது. அந்தக் குரலின் வளைவு நெளிவுகளை அவர் ஸ்ட்ரிங்கில் தேடிப் பிடிக்கிற விதத்தைக் கேட்டால், பிரிட்ஜில் இத்தனை அக்கறை ஏன் என்பது விளங்கும். ஆக, கமகத்துக்குக் கிளாப்டன் மாடல்தான் என்று நான் மேலே சொன்னது சுருதி ஸ்ட்ரிங்கோடு வாசிப்பவர்களுக்கு மட்டும். தனி மெட்டு வாசிப்பவர்களுக்குப் பெக் மாடல் வேறொரு கதவைத் திறக்கிறது.

பிரிட்ஜ் இரண்டு திருகுகளின் விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. பின்னால் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் இழுக்க, முன்னால் ஸ்ட்ரிங்குகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் தராசு முள் மாதிரி நிற்கும். கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும். மேலே இழுத்தால் ஏறும். இதில் பெரிய சிக்கல், திரும்பி வரும்போது பழைய இடத்துக்கே வருமா என்பது. சாதாரண நட்டின் வெட்டில் ஸ்ட்ரிங் உராய்ந்து சிக்கிக்கொண்டால் வராது. அதனால்தான் ரோலர் நட்: ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளின் மேல் உருண்டு போய் வரும். ஸ்ட்ரிங்கைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் டியூனரில் அதை அதிகம் சுற்றவே தேவையில்லை என்பதால், சுற்று இறுகித் தளர்கிற பிரச்சினையும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்போது, பூட்டுப் போடாத ஒரு ட்ரெமோலோ இவ்வளவு ஒழுங்காகச் சுருதிக்குத் திரும்புமா என்று இருக்கும்.

பிக்கப்புகள் கிளாப்டன் மாடலில் இருப்பவற்றைவிடச் சூடானவை, அதாவது சிக்னலைப் பலமாகத் தருபவை. ஆனால் பேட்டரி, பூஸ்ட் எதுவும் இல்லை. கிட்டாரிலிருந்து வருவது வெறும் கிட்டார் சிக்னல், எந்தப் பெடலும் முகம் சுளிக்காது. நெக் மெலிசு, உடலோடு சேரும் இடத்தைச் செதுக்கியிருப்பதால் மேல் ஃப்ரெட்களுக்குக் கை சுலபமாகப் போகும்.

ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட், அதாவது ஈட்டி மர வகை. கூடலூர் பக்கம் வளர்கிற அதே இனத்து மரம் கிட்டார் செய்ய உலகம் முழுக்கப் போகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2017 தொடக்கத்திலிருந்து இந்த மர வகை முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிட்டார் விற்பவர்களைக் காகிதங்களோடு அலையவிட்டது. 2019 நவம்பரிலிருந்து இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பழைய எச்சரிக்கைகளைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கிளாப்டன் மாடலில் பேட்டரி சின்னச் செலவுதான். வேறு கவனம் வேண்டும்: கேபிளைச் செருகினாலே சர்க்யூட் விழித்துக்கொள்ளும், செருகியபடியே ராத்திரி விட்டுவிட்டால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பேட்டரி ஓய்ந்தால் ஒலி கரகரத்துப் பிறகு அடங்கிவிடும். பேட்டரி இல்லாமல் வாசிக்க மாற்று சுவிட்ச் எதுவும் கிடையாது. மேடைக்குப் போகிறவர் பையில் ஒரு பேட்டரியும் ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் இருக்க வேண்டும். இன்னொன்று, நெக் சாட்டின் பூச்சு. வியர்வைக் கைகளுக்குச் சில வருடங்களில் மேப்பிள் சாம்பல் நிறமாக அழுக்கேறும். சிலருக்கு அதுவே அழகு.

பெக் மாடலில் செலவு பணமாக வராது, நேரமாக வரும். ஓர் உதாரணம்: 09 செட் (முதல் ஸ்ட்ரிங் 0.009 அங்குலத் தடிப்பு) ஸ்ட்ரிங்குகள் சுருதி சேர்த்த நிலையில் மொத்தம் சுமார் 38 கிலோ விசையில் இழுக்கும். 10 செட் சுமார் 47 கிலோ. ஸ்ட்ரிங்கை ஒரு அளவு தடிப்பாக மாற்றினாலே பிரிட்ஜின் மேல் 9 கிலோ கூடுகிறது, அதனால் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரிங் உயரம் கன்னாபின்னாவென்று ஆகிவிடும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைக் கால் திருப்பு கால் திருப்பாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்து, மறுபடி பார்த்து, மறுபடி இறுக்கி… பொறுமை வேண்டும். சுருதியைக் கீழே இறக்கி ஒரு பாட்டு, ஏற்றி ஒரு பாட்டு என்று வாசிப்பவர்கள் இந்த வகைப் பிரிட்ஜோடு குடும்பம் நடத்த முடியாது. நடுவில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி ஏறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரோலர் நட்டுக்கு அவ்வப்போது தூசி தட்டி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் போட வேண்டும். பின்னால் சாதாரண எலும்பு நட் போட நினைத்தால், ரோலருக்காக வெட்டிய அகலமான இடத்தை முதலில் அடைக்க வேண்டியிருக்கும். அதைச் சுத்தமாகச் செய்ய நல்ல கை வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்து வைக்கிறேன். 'நாய்ஸ்லெஸ்' என்றால் சிங்கிள் காயிலின் 'ம்ம்ம்' என்ற மின்சார முனகல் போகும் என்று அர்த்தம். வீட்டில் எர்த் சரியில்லாமல் வருகிற இரைச்சல், கையை ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்ததும் கூடுகிற அந்த 'ஸ்ஸ்ஸ்', இரண்டு கிட்டாரிலும் போகாது. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

## யாருக்கு எது

ப்ளூஸ், ராக் வாசிப்பவர், பெண்டிங்தான் உங்கள் மொழி, ஆம்பில் நேரடியாகச் செருகி வாசிக்கப் பிடிக்கும், ட்ரெமோலோவைத் தொடுவதே இல்லை: கிளாப்டன். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கும் இதுவே. பாட்டு ஓடும்போது குனிந்து பெடலை மிதிக்காமல் ஒரு குமிழில் தனியிசைக்கு எழும்பலாம், சுருதி நகராது.

விரல்களால் வாசிக்கிறீர்கள், அல்லது வாசிக்க ஆசை. ஒரு ஸ்வரத்தைத் தொட்ட பிறகும் அதை விட்டுவிடாமல் செதுக்கிக்கொண்டே இருக்கப் பிடிக்கும். பெடல் பலகையில் நிறைய சேர்த்து வைத்திருக்கிறீர்கள்: பெக்.

உள்ளங்கையைப் பிரிட்ஜில் ஊன்றி அழுத்தமாகத் தாளம் போடுபவர்கள் பெக் மாடலில் கவனமாக இருக்க வேண்டும். கையின் பாரத்திலேயே சுருதி அசையும். பிரிட்ஜ் இடத்தில் முழு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். இப்போதுதான் கற்க ஆரம்பித்தவர் என்றால், இந்த விலைத் தட்டுக்கே வர வேண்டாம்; சாதாரண ஸ்ட்ராட் ஒன்றை வாங்கி இரண்டு வருடம் வாசித்தால், உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே சொல்லும்.

இரண்டுக்கும் நடுவில் இன்னமும் ஊசலாடுகிறவர்களுக்குப் பெக் மாடலை எடுக்கச் சொல்வேன். காரணம் ரசனை இல்லை, கணக்கு. பெக் மாடலின் பிரிட்ஜை அசையாமல் நிறுத்த ஒரு சின்ன மரக்கட்டை போதும், மனம் மாறினால் உருவிவிடலாம். தடித்த ஒலி வேண்டுமென்றால் ஒரு பூஸ்ட் பெடல் வாங்கிக்கொள்ளலாம். கிளாப்டன் மாடலைப் பெக் மாடலாக்குவது அவ்வளவு சுலபமில்லை: கட்டையை எடுத்தாலும் நட், டியூனர், பிரிட்ஜ் மூன்றும் பழைய பாணியிலேயே இருக்கும். இதற்கு ஒரே விலக்கு நெக். 'வி' வடிவம் உங்கள் கையில் பொருந்திவிட்டால் மேலே சொன்ன கணக்கை எல்லாம் மறந்துவிட்டுக் கிளாப்டனை எடுங்கள். பெடலால் நெக்கை மாற்ற முடியாது.

## பழையது வாங்குவதாக இருந்தால்

வருடத்தைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். 2001க்கு முந்தைய கிளாப்டன் மாடலில் பிக்கப்புகள் லேஸ் சென்சார் என்ற வகை, தங்க நிறம். ஒலி கொஞ்சம் வழவழப்பு. அதையே தேடி வாங்குபவர்களும் உண்டு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வேறு கிட்டார் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

பெக் மாடலில் வித்தியாசம் பெரிது. 1991இலிருந்து வந்த முதல் வடிவத்தில் நெக் மிகத் தடிப்பு, நான்கு லேஸ் சென்சார்கள், அவற்றில் இரண்டு பிரிட்ஜ் பக்கம் ஜோடியாக. 2001க்குப் பிந்தைய மெல்லிய நெக்கைக் கடையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இணையத்தில் தொண்ணூறுகளின் கிட்டாரை ஆர்டர் செய்தால், பெட்டியைத் திறக்கும்போது கையில் வருவது வேறு ஏதோ கிட்டார் மாதிரி இருக்கும்.

நேரில் பார்க்கும்போது, கிளாப்டன் மாடலில் மிட் பூஸ்ட் குமிழை மெதுவாக முழுக்கத் திருகிப் பாருங்கள். நடுவில் ஒலி அறுந்து அறுந்து வந்தால் உள்ளே வேலை இருக்கிறது. பேட்டரி இடத்தில் கசிவுக் கறை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெக் மாடலில் சுருதி சேர்த்து, வாம்மி பாரை ஸ்ட்ரிங் தொளதொளக்கும் வரை அழுத்தி விட்டு, மறுபடி சுருதி காட்டும் கருவியில் பாருங்கள். மூன்றாவது ஸ்ட்ரிங் ஒவ்வொரு முறையும் ஏறியே நின்றால் ரோலர் சிக்கியிருக்கலாம். சுத்தம் செய்து சரியாகிறதா என்று விற்பவரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் புது நட்டின் விலையையும் அதைப் போடும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.